பெயரோடு வந்த ஓர் எழுத்து: ஒரு ஐ.சி.யு. செவிலியரின் சவுதி வேலை, நிகழ்வு ஆய்வு

பின்னணி

2023 பிப்ரவரியில் இந்தச் செவிலியருக்கு 26 வயது. தென் மாவட்டத் தனியார் கல்லூரி ஒன்றில் நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர். பட்டம் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தினுடையது, மாநிலச் செவிலியர் குழுமத்தில் ஆர்.என்., ஆர்.எம். (செவிலியர், பேறுகாலத் தாதி) பதிவும் உண்டு. படித்து முடித்ததும் சொந்த ஊருக்குப் பக்கத்தில் 20 படுக்கை கொண்ட ஒரு நர்சிங் ஹோமில் 11 மாதம் வேலை பார்த்தார். 2020 ஆகஸ்டில் மதுரையில் 220 படுக்கைத் தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யு.வில் சேர்ந்தார்.

கையில் வந்த சம்பளம் மாதம் ரூ.16,500. அதில் ஹாஸ்டலுக்கு ரூ.2,000, கல்விக் கடன் தவணைக்கு ரூ.5,400 போய்விடும். கடனில் இன்னும் ரூ.2.6 லட்சம் பாக்கி. அப்பா கொத்தனார், அண்ணன் டிரைவர். வெளிநாடு போவது என்று வீட்டில் பேச்சு எழுந்தது இந்தக் கணக்கால்தான். எந்த நாடு, எந்த வழி என்ற யோசனை அப்போது யாருக்கும் இல்லை.

ஏஜென்ட்டிடம் கழிந்த இரண்டு வாரங்கள்

குவைத்தில் அரசு மருத்துவமனை, நேரடி நியமனம், ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. அண்ணன் நேரில் போய்ப் பேசினார். மொத்தம் ரூ.3.5 லட்சம்; முன்பணம் ரூ.25,000. விசிட் விசாவில் முதலில் துபாய், அங்கிருந்து குவைத் என்றார் ஏஜென்ட். முன்பணத்தோடு பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். மீதிப் பணத்துக்கு அம்மாவின் நகையை அடகு வைக்க வேண்டும் என்ற கட்டத்தில்தான், ஓய்வுபெற்ற நர்சிங் சூப்பரின்டென்டென்ட் ஒருவரிடம் யோசனை கேட்டார்கள். இனி ‘ஆலோசகர்’ என்று வருவது அவரைத்தான்.

ஆலோசகர் முதலில் பார்த்தது ரசீதை. ‘கன்சல்டேஷன் கட்டணம்’ என்று மட்டும் இருந்தது. பதிவு எண் இல்லை. 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுச் சான்று இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க முடியாது. பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அதில் இந்த ஏஜென்ட்டின் பெயர் இல்லை. கேட்டபோது, மும்பை நிறுவனம் ஒன்றின் ‘பிராஞ்ச்’ என்று சொல்லி ஓர் எண்ணைக் கொடுத்தார். அது உண்மையான எண்தான். அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தபோது, தமிழ்நாட்டில் தங்களுக்குக் கிளையே இல்லை என்றார்கள். அடுத்தவர் பதிவு எண்ணைக் காட்டித் தொழில் நடத்துவது இந்தத் துறையில் புதிதல்ல. பட்டியலில் எண் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அந்த நிறுவனத்திடமே கேட்டுவிட வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்தது தொகை. பதிவு பெற்ற ஏஜென்ட்டே ரூ.30,000க்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.35,400. கேட்டதோ கிட்டத்தட்ட பத்து மடங்கு. 2015இல் கொச்சியில் சி.பி.ஐ. பிடித்த குவைத் செவிலியர் வழக்கில், ரூ.19,500 வாங்க வேண்டிய இடத்தில் ரூ.19.5 லட்சம் வாங்கியதாகக் குற்றச்சாட்டு. அதே ஆண்டு ஏப்ரல் 30 முதல், குவைத், சவுதி உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போகும் செவிலியர் ஈ.சி.என்.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்ற வகை) பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும், ஆள் எடுப்பும் மாநில அரசு நிறுவனங்கள் வழியாக நடக்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணையிட்டது. பத்தாம் வகுப்பு தேறியதால் பாஸ்போர்ட் ஈ.சி.என்.ஆர்., அதனால் அனுமதி தேவையில்லை என்று ஏஜென்ட் சொன்னது மற்ற வேலைகளுக்குப் பொருந்தலாம்; செவிலியருக்குப் பொருந்தாது. விசிட் விசாவில் துபாய் வழியாக அனுப்பும் ஏற்பாடே அந்த அனுமதியைச் சுற்றிப் போவதற்குத்தான்.

மூன்றாவதாகத் தெரிந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. பாஸ்போர்ட் நகலில் ‘சர்நேம்’ கட்டம் காலியாக இருந்தது. ஒற்றைப் பெயர் மட்டுமுள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் நுழைவு கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்திருந்தது. ஆக, முழுப் பணத்தையும் கட்டியிருந்தாலும் பயணம் விமான நிலையத்திலேயே சிக்கலாகியிருக்கலாம்.

முடிவு: விலகுவது, முதலில் பாஸ்போர்ட்டை மீட்பது, பணம் அதற்குப் பிறகு. வரிசை இப்படி வைத்ததற்குக் காரணம் உண்டு. பணத்தை முதலில் கேட்டால் பாஸ்போர்ட் பிணையாகிவிடும். பாஸ்போர்ட் அரசின் சொத்து, அதைத் தனியார் பிடித்து வைக்கக் கூடாது, தராவிட்டால் 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் கீழ் புகார் போகும் என்று எழுதிய கடிதத்தை அண்ணன் நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் வாங்கினார். ஒன்பதாம் நாள் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. முன்பணத்தில் ரூ.10,000 வந்தது. மீதி ரூ.15,000 பற்றிச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் புகார் கொடுக்கப்பட்டது.

எந்த வழி, ஏன்

மார்ச் மாதம் உட்கார்ந்து நான்கு வழிகளை எழுதிப் பார்த்தார்கள்.

உள்ளூரில், எய்ம்ஸ் நடத்தும் நார்செட் என்ற செவிலியர் தேர்வு. தேறினால் ஊதிய நிலை 7. அடிப்படைச் சம்பளம் ரூ.44,900இல் தொடங்கும், நிரந்தர வேலை. பணத்தையும் பாதுகாப்பையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் குடும்பத்துக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை என்பதே எங்கள் கருத்து. ஆனால் போட்டி நாடு முழுக்க. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு அந்தத் தேர்வே மலைதான். ஒருமுறை எழுதினார், தேறவில்லை. மாநில மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் ஒப்பந்தப் பணி அறிவிப்பு அந்தச் சமயம் இல்லை. வந்திருந்தாலும் தொகுப்பூதியத்தில் கடன் அடைவது கடினம்.

பிரிட்டனுக்கு ஓ.இ.டி. என்ற மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் பி தரம், எழுத்தில் சி பிளஸ் வேண்டும். அதன் பிறகு கணினித் தேர்வு, அங்கே போய்ச் செய்முறைத் தேர்வு. ஜெர்மனிக்கு பி2 நிலை வரை ஜெர்மன் மொழி. வேலையோடு படித்தால் ஒரு வருடத்துக்குக் குறையாது. தவணை ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் அத்தனை மாதம் காத்திருக்க முடியாது என்று செவிலியரே சொன்னார். இருபத்திரண்டு வயதில் கேட்டிருந்தால் ஜெர்மனியைத்தான் சொல்லியிருப்போம்.

மிஞ்சியது சவுதி. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சவுதி சுகாதார அமைச்சகத்துக்கு ஐ.சி.யு. செவிலியர் எடுக்கும் நேர்முகங்களை நடத்திவந்தது. இரண்டு வருட அனுபவம் போதும். அங்கே பெயரைப் பதிவு செய்தார்.

கேயும் ஜியும்

பதிவுக்காகச் சான்றிதழ் நகல்களை மேஜையில் பரப்பியபோது ஆலோசகர் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று பத்தி கோடு போட்டார்: ஆவணம், அதில் பெயர் உள்ளபடி, இனிஷியல். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், குழுமப் பதிவு நான்கிலும் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் கே. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பாவின் பெயர் ஜி எழுத்தில் தொடங்கியது. அப்பாவின் ஆதாரிலும் ஜி.

தமிழில் இரண்டும் ஒரே ‘க’. பள்ளியில் சேர்க்கும்போது எழுதியவர் கே போட்டார். ஆதார் முகாமில் தட்டியவர் ஜி போட்டார். ஊரில் இது யாருக்கும் உறுத்தாது. வெளிநாட்டு வேலைக்குச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் டேட்டாஃப்ளோ போன்ற நிறுவனங்களில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இனிஷியல் என்ற வழக்கமே தெரியாது. அவருக்குக் கே ஒருவர், ஜி வேறொருவர். சகரத்தில் தொடங்கும் பெயர்களுக்கு எஸ்ஸா சியா என்று இதே தொல்லை உண்டு.

சர்நேம் கட்டத்தை நிரப்புவதற்கு எப்படியும் பாஸ்போர்ட்டை மாற்றியே ஆக வேண்டும். கேள்வி, எந்தப் பக்கத்தை எந்தப் பக்கத்துக்கு ஒத்துப்போகச் செய்வது என்பதுதான். சான்றிதழ்களை ஜிக்கு மாற்றுவதென்றால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறை, பிறகு பல்கலைக்கழகம், பிறகு குழுமம். ஒன்று முடியாமல் அடுத்தது தொடங்காது. அப்பாவின் பக்கம் ஆதார், வாக்காளர் அட்டை என்று இரண்டே. ஆக, ஏறி இறங்க வேண்டிய அலுவலகம் குறைவான பக்கத்தையே தேர்ந்தார்கள். அப்பா தன் ஆதாரில் எழுத்துக்கூட்டலைக் கேக்கு மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால், விண்ணப்பத்தை நிரப்பும் முன் எழுத்துக்கூட்டலை மகளின் முழுப் பெயர் இருக்கும் ஒவ்வொரு தாளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

அதன் பிறகு, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம். பாஸ்போர்ட் மறுவெளியீட்டுக்கு ரூ.1,500 கட்டணம். தட்கல் வேண்டாம் என்றார் ஆலோசகர். பெயர் விவரம் மாறும்போது அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பப்படுவதைவிடச் சாதாரண வழியே மேல். போலீஸ் விசாரணை உட்பட ஐந்து வாரம் ஆனது. ஜூன் இறுதியில் புதிய பாஸ்போர்ட் வந்தது: பெயர் கட்டத்தில் அவர் பெயர், சர்நேம் கட்டத்தில் கேயில் தொடங்கும் அப்பாவின் பெயர். இதை முடிக்காமல் வேறெந்த விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட் எண்ணை எழுதக் கூடாது என்பதில் ஆலோசகர் பிடிவாதமாக இருந்தார். எண் நடுவில் மாறினால் அதுவரை போட்ட ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியாகத் திருத்த வேண்டிவரும்.

அனுபவச் சான்று

மருத்துவமனை முதலில் கொடுத்த சான்று நான்கு வரி. ‘2020 முதல் இன்றுவரை ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிகிறார், நடத்தை நன்று’ என்றது. தேதி இல்லை, துறை இல்லை, படுக்கை எண்ணிக்கை இல்லை. கீழே அலுவலக உதவியாளரின் கையெழுத்து. உள்ளூரில் அடுத்த வேலைக்கு இது போதும். சரிபார்ப்புக்கு உதவாது.

இன்னொரு சிக்கல் சம்பளச் சீட்டுகளில் இருந்தது. முதல் ஆறு மாதம் ‘டிரெய்னி’ என்று போட்டிருந்தார்கள். பி.எஃப்.பில் சேர்ந்த தேதியும் ஆகஸ்ட் 2020 அல்ல, பிப்ரவரி 2021. பயிற்சிக் காலம் முடிந்த பிறகே பி.எஃப்.பில் சேர்ப்பது பல தனியார் மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது, முறையானதல்ல. சான்றில் 2020 ஆகஸ்ட், பி.எஃப்.பில் 2021 பிப்ரவரி என்றால், கேட்பவர் மருத்துவமனையைச் சந்தேகிப்பதில்லை, செவிலியரைத்தான் சந்தேகிப்பார்.

மொத்தக் காலத்தையும் ஸ்டாஃப் நர்ஸ் என்றே எழுதித் தருவதாக எச்.ஆர். சொன்னது. வேண்டாம் என்று முடிவானது. டிரெய்னி காலத்தைத் தனியாகக் காட்டி, ஸ்டாஃப் நர்ஸ் காலத்தை 2021 பிப்ரவரியிலிருந்து எழுதச் சொன்னார்கள். கணக்கு இரண்டு வருடத்தைத் தாண்டியிருந்ததால் இழப்பு எதுவும் இல்லை. புதிய சான்றில் இருந்தவை: லெட்டர்ஹெட், பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர், பதவி, துறை, முழுநேரம் என்ற சொல், நாள் மாதம் வருடத்தோடு தேதிகள், மருத்துவமனையின் படுக்கை எண்ணிக்கை, ஐ.சி.யு.வின் படுக்கை எண்ணிக்கை, நர்சிங் சூப்பரின்டென்டென்ட் கையெழுத்து, முத்திரை, தொலைபேசி எண், நிறுவன மின்னஞ்சல்.

நர்சிங் ஹோமின் 11 மாதத்தை விட்டுவிட்டார்கள். அதை நடத்திய டாக்டர் இறந்து, இடமும் மூடியாகிவிட்டது. பதில் சொல்ல ஆளில்லாத இடத்தைச் சரிபார்ப்புக்குக் கொடுத்தால், நல்ல அறிக்கையில் ஒரு ஓட்டை விழும். சுயவிவரத்தில் மட்டும் ஒரு வரியாக இருந்தது.

அசல் சான்றிதழ்கள் இரண்டு வருட பாண்டுக்காக மருத்துவமனையின் அலமாரியில் இருந்தன. பாண்டு முடிந்து மாதங்கள் ஆகியும் கேட்டு வாங்கவில்லை. எழுத்து மூலம் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

முதல் நேர்முகம்

ஜூலையில் நடந்தது; தேர்வாகவில்லை. ஆங்கிலம் தடையாக இல்லை. வென்டிலேட்டர் முறைகளைச் சொன்னார். ரத்த வாயு அறிக்கையில் பி.எச். 7.25, கார்பன் டை ஆக்சைடு 60, பைகார்பனேட் 26 என்று காட்டியபோது சுவாச அமிலத்தன்மை என்று சரியாகச் சொன்னார். தடுக்கி விழுந்தது ஒரு கணக்கில்.

கேள்வி இதுதான்: நோயாளி 60 கிலோ. 50 மி.லி. சிரிஞ்சில் 4 மி.கி. நார்அட்ரினலின் (ரத்த அழுத்தம் ஏற்றும் மருந்து). கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் போக வேண்டும். பம்பில் மணிக்கு எத்தனை மி.லி. வைப்பீர்கள்? ‘5 மி.லி.யில் தொடங்குவோம்’ என்றார். அவருடைய ஐ.சி.யு.வில் அப்படித்தான் வழக்கம்: டாக்டர் ‘அஞ்சுல போடுங்க’ என்பார், பிறகு பிரஷர் பார்த்து ஏற்றி இறக்குவார்கள். அளவை யாரும் கிலோக் கணக்கில் கேட்டதில்லை. கணக்குப்படி 0.1 பெருக்கல் 60 என்றால் நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம். ஒரு மி.லி.யில் 80 மைக்ரோகிராம். 360ஐ 80ஆல் வகுத்தால் 4.5 மி.லி. அரை மி.லி. வித்தியாசம் அங்கே பிரச்சினை இல்லை. எப்படி வந்தது என்று கேட்டபோது சொல்ல முடியாமல் நின்றதுதான் பிரச்சினை.

அடுத்த நான்கு மாதத்தில் தயாரிப்பு குறுகலாகவே இருந்தது. நார்அட்ரினலின், டோபமின், இன்சுலின், ஹெப்பரின் நான்கையும் வெவ்வேறு எடைக்கும் கரைசலுக்கும் தினம் பத்துக் கணக்கு, காகிதத்தில். டியூட்டியில் பம்பில் எண்ணைப் போடும் ஒவ்வொரு முறையும் அதைக் கிலோக் கணக்குக்குத் திருப்பிப் பார்ப்பது. ஒரு நோயாளியை ஒரு நிமிடத்தில் ஆங்கிலத்தில் ஹேண்ட்ஓவர் சொல்வது. கோச்சிங் வகுப்புக்குப் போகவில்லை.

தேர்விலிருந்து விமானம் வரை

நவம்பரில் இரண்டாவது நேர்முகத்தில் தேர்வானார். டிசம்பரில் டேட்டாஃப்ளோவுக்குப் பட்டம், குழுமப் பதிவு, அனுபவம் மூன்றும் போயின. பட்டமும் பதிவும் சரியாக வந்தன. அனுபவம் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்று வந்தது.

அத்தனை கவனமாக எழுதி வாங்கிய சான்றில் ஓட்டை மின்னஞ்சலில் இருந்தது. நிறுவன முகவரிதான், ஆனால் எச்.ஆர். மேலாளரின் பெயரில் இருந்த முகவரி. அவர் டிசம்பரில் வேலையை விட்டுப் போனார்; அவரது மின்னஞ்சலை மூடிவிட்டார்கள். விசாரணைக் கடிதம் யார் கண்ணிலும் படவில்லை. மேல்முறையீடு, கூடுதல் கட்டணம், புதிய தொடர்பு விவரம், எச்.ஆரில் நேரில் போய் நிற்பது என்று ஐந்து வாரம் போனது. ஆள் பெயரில் இல்லாமல் பதவிப் பெயரில் உள்ள முகவரியைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். விண்ணப்பம் போன வாரமே எச்.ஆருக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச்சில், அங்கே வேலை பார்க்க உரிமம் தரும் சவுதி சுகாதாரச் சிறப்புத் துறை ஆணையத்துக்கான ப்ரோமெட்ரிக் கணினித் தேர்வில் முதல் முறையே தேறினார். அதன் பிறகு வகைப்படுத்தல் (தகுதிக்கேற்ப அந்த ஆணையம் தரும் தரநிலை), பட்டத்துக்கு மாநிலச் சான்றொப்பம், வெளியுறவுத் துறையின் அபோஸ்டில் (ஒப்பந்த நாடுகளில் செல்லும் சான்றொப்பம்). சவுதியில் 2022 டிசம்பரில் அபோஸ்டில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததால் தூதரக முத்திரைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பழைய வழியையே சொல்லிப் பணம் கேட்ட இடைத்தரகர்கள் இருவர் வந்தார்கள். மருத்துவப் பரிசோதனையைக் கடைசிக்கு வைத்தது வேண்டுமென்றே: அந்த அறிக்கை சில மாதமே செல்லும், முன்பே எடுத்து, விசா தாமதமானால் மறுபடி பணம் கட்ட வேண்டும்.

இவ்வளவு நாளும் மதுரை வேலையை அவர் விடவில்லை. தேர்வான அன்றே ராஜினாமா கொடுக்க வீட்டில் நெருக்கினார்கள். விசா கைக்கு வரும்வரை வேண்டாம் என்றார் ஆலோசகர். டேட்டாஃப்ளோ ஐந்து வாரம் இழுத்தபோது அது சரியென்று தெரிந்தது. 2024 ஜூனில் விசா வந்த பிறகே நோட்டீஸ் கொடுத்தார். குடிபெயர்வு அனுமதியும், ரூ.10 லட்சத்துக்கான பிரவாசி பாரதிய காப்பீடும் முடிந்து ஜூலையில் புறப்பட்டார்.

விளைவும் செலவும்

ஒரு வருட ஒப்பந்தம், புதுப்பிக்கலாம். சம்பளம் 4,000 ரியாலுக்குச் சற்று மேல், தங்குமிடம் தனி, பயணச் சீட்டு வேலை தருபவர் செலவு. 17 மாதத்தில் ஆன செலவு:

சரிபார்ப்பு, தேர்வு, வகைப்படுத்தல், மேல்முறையீடு: ரூ.41,000
சேவைக் கட்டணம், ஜி.எஸ்.டி. உட்பட: ரூ.35,400
பாஸ்போர்ட்: ரூ.1,500
சான்றொப்பங்கள்: ரூ.9,000
மருத்துவப் பரிசோதனை: ரூ.8,500
சென்னைப் பயணங்களும் சில்லறையும்: ரூ.9,600

மொத்தம் ரூ.1,05,000. ஏஜென்ட்டிடம் போன ரூ.15,000 இதில் இல்லை. நகை அடகுக்குப் போகவில்லை.

மறுபடி செய்தால்

பெயர்ப் பட்டியல் போட்டுப் பார்க்கும் வேலையைக் கல்லூரி மூன்றாம் வருடத்திலேயே செய்திருக்கலாம். பட்டமும் குழுமப் பதிவும் அச்சாகும் முன் எழுத்தைச் சரிசெய்வது ஒரே ஒரு அலுவலக வேலை. நர்சிங் ஹோமை விட்ட அன்றே அந்த டாக்டரிடம் முழுச் சான்று வாங்கியிருந்தாலும் சரிபார்ப்புக்கு உதவியிருக்காது, சுயவிவரத்துக்காவது ஆதாரம் இருந்திருக்கும்.

நேர்முகத் தயாரிப்பை முதல் நேர்முகத்துக்கு முன்பே கணக்கிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். காகிதத்தில் மூழ்கியிருந்த ஆலோசகர், மூன்று வருட ஐ.சி.யு. அனுபவம் தானே என்று வேலையறிவைச் சோதிக்காமல் விட்டார். அந்த நான்கு மாதம் போனது அதனால்தான்.

டிரெய்னி காலத்தைப் பிரித்து எழுதிய முடிவில் மாற்றமில்லை. ஆனால் பி.எஃப். தேதியை அப்படியே விட்டது சரியல்ல. வேலையில் இருக்கும்போதே நிர்வாகத்தோடு கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்தியிருக்கலாம். இப்போது ஜெட்டாவிலிருந்து மின்னஞ்சலில் கேட்டுக்கொண்டிருக்கிறார். மருத்துவமனை இன்னும் கையெழுத்துப் போடவில்லை.